ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கும் வாகனத் தணிக்கையால் குடித்துவிட்டு ஓட்டுவது குறையுமா?

கேள்வி: குடியிருப்போர் சங்கச் செயலர்

அனைவருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி, புதுச்சேரி எல்லைக்கு அருகில் எங்கள் ஊர் இருக்கிறது. புதுச்சேரியில் மதுவின் விலை குறைவு என்பதால் சனி, ஞாயிறுகளில் சென்னைப் பக்கமிருந்து கார்களிலும் பைக்குகளிலும் வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் போகிறார்கள். இவர்களோடு, இரவு 10 மணிக்கு டாஸ்மாக் கடை மூடியதும் வண்டியை எடுக்கும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

எங்கள் பகுதிக் காவல் நிலையத்தார் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் பெட்ரோல் பங்க் அருகே பேரிகேட் போட்டு, நள்ளிரவு வரை வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். மழை பெய்தாலும் வந்து நிற்கிறார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் இடமும் நேரமும் எப்போதும் மாறாததால், விவரம் தெரிந்தவர்கள் பங்க்குக்கு முன்பே இடப்பக்கம் திரும்பி, எங்கள் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, தணிக்கை நடக்கும் இடத்துக்கு அப்பால் பிரதான சாலையில் ஏறிவிடுகிறார்கள். பத்தடி அகலமுள்ள தெரு அது. கோடைக்காலத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பவர்களை ஒட்டியே வண்டிகள் பறக்கின்றன.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பால் ஊற்றிவிட்டுச் சைக்கிளில் திரும்பிய பெரியவர் ஒருவரை ஒரு கார் இடித்ததில் அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டிவந்தவர், தான் இரவு குடித்தது உண்மைதான் என்றும், காரிலேயே தூங்கி எழுந்து தெளிந்த பிறகே வண்டியை எடுத்ததாகவும் சொன்னார்.

என் கேள்விகள் இவை. இப்படி ஒரே இடத்தில் நடக்கும் தணிக்கையால் பயன் உண்டா? இடத்தை மாற்றுங்கள் என்று பொதுமக்கள் கேட்பது காவல்துறையின் வேலையில் தலையிடுவதாகுமா? சட்டம் அவர்களுக்கு எந்த அளவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர்

செயலர் ஐயாவுக்கு வணக்கம். பணிக்காலத்தில் பல ஆண்டுகள் இரவுத் தணிக்கையில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரே இடத்தில் நிற்பதற்குச் சோம்பல் காரணமன்று. வெளிச்சம் வேண்டும், பிடித்த வண்டிகளை ஓரங்கட்ட இடம் வேண்டும், வேகமாக வருகிறவன் பேரிகேட்டைப் பார்த்து நிறுத்தப் போதுமான தூரம் நேரான சாலை வேண்டும். குடித்தவன் ஓட்டிவரும் வண்டியின் முன் நிற்பது காவலருக்கும் உயிராபத்துதான். இந்த வசதிகள் எல்லாம் உள்ள இடம் ஒரு காவல் நிலைய எல்லைக்குள் ஒன்றிரண்டுதான் இருக்கும். போதாக்குறைக்கு, திருவிழா பந்தோபஸ்து, நீதிமன்றப் பணி, விடுப்பு எல்லாம் போக இரவில் கையில் இருப்பவர்கள் நான்கைந்து பேராகத்தான் இருப்பார்கள்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது சுவாசச் சோதனைக் கருவியில் தெரிந்தால் அது குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; மறுமுறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இந்தத் தொகைகள் 2,000, 3,000 என்று இருந்தன. சாலையிலேயே பணத்தைக் கட்டி முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களை 200ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அதில் 185 இல்லை. அதாவது நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தீர வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவரை ஊதச் சொல்லும் அதிகாரம் 203ஆம் பிரிவில் இருக்கிறது. சீருடையில் உள்ள காவலர், குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கேட்கலாம். ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மறுத்தவரையும் பிடியாணை இல்லாமல் கைது செய்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். தகுந்த காரணமின்றி மறுத்ததே வழக்கில் அவருக்கு எதிராக நிற்கும். ஆனால் கைது செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் முன் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்கிறது; தவறினால் அவரை விட்டுவிட வேண்டியதுதான். அரசு மருத்துவமனை இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்தில் ஒருவரை அழைத்துக்கொண்டு இரண்டு காவலர்கள் போய்விட்டால் அன்றைய தணிக்கை ஏறக்குறைய அத்தோடு நின்றுவிடும். மேலதிகாரிகள் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கடம் இது.

எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதம் எத்தனை டி.டி. கேஸ், அதாவது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, போட்டீர்கள் என்ற எண்ணிக்கையை வைத்தே நிலையத்தின் வேலை எடைபோடப்படுகிறது. எண்ணிக்கைதான் குறிக்கோள் என்றாகிவிட்டால், கடை மூடும் நேரத்தில் கடையிலிருந்து வரும் வழியில் நின்றாலே போதும். பழைய மொபெட்டில் வரும் கூலித் தொழிலாளிகளைக் கொண்டே கணக்கு நிரம்பிவிடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்தக் கணக்கில் வராது. எத்தனை கேஸ் என்று கேட்பதைக் காட்டிலும், அந்தச் சாலையில் இரவு விபத்து எத்தனை குறைந்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

பதில் 2: பொருளியல் ஆய்வு மாணவி

செயலர் கேட்ட முதல் கேள்விக்கு நம் நாட்டிலேயே நேரடியான விடை இருக்கிறது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் ராஜஸ்தான் காவல்துறை இதையே ஒரு பரிசோதனையாக நடத்திப் பார்த்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, டேனியல் கெனிஸ்டன் ஆகிய பொருளியலாளர்களும் அம்மாநிலக் காவல்துறை உயர் அதிகாரியான நீனா சிங்கும் சேர்ந்து வடிவமைத்த ஆய்வு அது. காவல் நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில நிலையங்களில், மிகப் பொருத்தமானது என்று காவலர்களே கருதிய ஒரே இடத்தில் இரவுத் தணிக்கை நடந்தது. வேறு சில நிலையங்களில் மூன்று இடங்களுக்கு இடையே தணிக்கை மாறி மாறி நடந்தது. மற்றவை வழக்கம்போல் விடப்பட்டன.

இடம் மாற்றி நடத்திய நிலையங்களின் எல்லையில் இரவு விபத்துகள் 17 விழுக்காடும், இரவு விபத்து மரணங்கள் 25 விழுக்காடும் குறைந்தன. ஒரே இடத்தில் நடத்திய நிலையங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தென்படவில்லை. ஓட்டுநர்கள் எங்கே தணிக்கை நடக்கிறது என்பதை விரைவாகக் கற்றுக்கொண்டு அதற்கேற்பப் பாதையை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதையும் அந்தத் தரவுகள் காட்டின. உங்கள் தெருவில் நீங்கள் காண்பதும் இதுவே. மிகச் சிறந்த இடத்தில் எப்போதும் நிற்பதைவிட, சுமாரான இடங்களையும் சேர்த்துக்கொண்டு மாறி மாறி நிற்பது பலன் தந்திருக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

உதவி ஆய்வாளர் ஐயா சொன்ன ஆள் பற்றாக்குறைக்கும் அங்கே ஒரு வழியைச் சோதித்தார்கள். சில இடங்களில் நிலையக் காவலர்களுக்குப் பதிலாக, போலீஸ் லைன்ஸில் இருந்த சேமக் காவலர்களைத் தனிக் குழுக்களாக்கி, அவர்களுடைய வாகனங்களில் ஜி.பி.எஸ். பொருத்தி அனுப்பினார்கள். அந்தக் குழுக்கள் நிலையக் காவலர்களைவிடத் தவறாமல் தணிக்கைக்கு வந்தன. அவர்கள் பிடித்த வழக்குகள் நீதிமன்றம் வரை போய்ச் சேர்ந்த விகிதமும் கூடுதல். நம் மாவட்டங்களில் ஆயுதப்படை இருக்கிறது. வாரத்துக்கு ஓரிரு இரவுகள் அவர்களிலிருந்து ஒரு குழுவை இதற்கென்றே ஒதுக்குவது நடக்காத காரியம் அன்று.

பதில் 3: அவசரப் பிரிவு மருத்துவர்

செயலர் குறிப்பிட்ட விடியற்காலை விபத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இரவுத் தணிக்கையைப் பற்றிய பேச்சில் காலை நேரம் எப்போதும் விடுபட்டுப் போகிறது.

உடலுக்குள் போன ஆல்கஹாலைக் கல்லீரல் தன் வேகத்தில்தான் கரைக்கும். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவே குறைகிறது. ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். நன்றாகக் குடித்த ஒருவருக்கு இரவு 11 மணிக்கு 150 மில்லிகிராம் இருந்தால், அது 30க்கு இறங்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். காலை 7 மணி வரை அவர் சட்டப்படி குடித்த நிலையில்தான் இருக்கிறார். தூக்கம், குளியல், கெட்டியான காபி, மோர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தூங்கி எழுந்தவருக்குத் தெளிந்துவிட்டது போலத் தோன்றுவது உண்மை. ஆனால் கண் ஓரத்தில் வரும் சைக்கிளைக் கவனிப்பதும் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரமும் அந்தத் தோற்றத்தோடு சேர்ந்து மேம்படுவதில்லை. ஆகவே ஞாயிறு காலை 5 மணியிலிருந்து 8 மணி வரை எப்போதாவது ஒரு தணிக்கை வேண்டும் என்று உங்கள் கோரிக்கையில் கட்டாயம் சேருங்கள். சுற்றுலா வேன் ஓட்டுநர்களும் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறார்கள்.

இரண்டாவது, விபத்தில் மதுவின் பங்கு எவ்வளவு என்று காட்டும் கணக்குகளை நான் அப்படியே ஏற்பதில்லை. அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது எங்கள் முதல் வேலை மூச்சும் இரத்த ஓட்டமும். விபத்துப் பதிவேட்டில், அதாவது நீங்கள் ஏ.ஆர். காப்பி என்று வாங்கிப் போகும் தாளில், "மது வாடை உள்ளது" என்ற ஒரு வரி எழுதப்படுகிறது. சில வேளை அதுவும் விடுபடுகிறது. வாடை இருப்பது அளவைச் சொல்லாது. அளவு வேண்டுமென்றால் காவல்துறை எழுத்தில் கேட்க வேண்டும். ஸ்பிரிட் தடவாமல் தோலைத் துடைத்து இரத்தம் எடுத்து, சோடியம் ஃப்ளூரைடு கலந்த குப்பியில் முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நேரம் கடந்துவிட்டால் அளவு இறங்கிவிடும். அந்தப் பெரியவரை இடித்தவரிடம் அன்று காலையே இரத்தம் எடுத்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசியாகக் குடித்தோ, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பானைப் பயன்படுத்தியோ பதினைந்து நிமிடத்துக்குள் ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹாலால் அளவு கூடுதலாகக் காட்டலாம். அப்படி ஒருவர் சொன்னால் கால் மணி நேரம் காக்கவைத்து மறுபடி ஊதச் சொல்வதே நியாயம். ஊதுகுழலை ஒவ்வொருவருக்கும் புதிதாக மாற்ற வேண்டும். அதைக் கண்ணெதிரே மாற்றினால் பாதித் தகராறு குறையும்.

பதில் 4: வழக்கறிஞர்

தண்டனையைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பிடிபடுவோம் என்ற எண்ணமே இல்லாதவனுக்கு 2,000 ரூபாயும் 10,000 ரூபாயும் ஒன்றுதான். பிடிபட்ட கூலித் தொழிலாளிக்கோ 10,000 ரூபாய் என்பது மாத வருமானத்தில் பெரும்பங்கு. ஆகவே பலர் பணத்தைக் கட்டாமலும் வண்டியை மீட்காமலும் விட்டுவிடுகிறார்கள். சென்னையில் நிலுவையில் உள்ள அபராதங்களை வசூலிக்கத் தனியே தொலைபேசி மையங்கள் அமைத்து ஞாபகப்படுத்த வேண்டிய நிலை வந்தது.

பணத்தைக் காட்டிலும் உரிமத்தின் மீது கை வைப்பது உறைக்கும். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015ஆம் ஆண்டிலேயே, குடித்துவிட்டு ஓட்டுபவர்களின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. காவல் நிலையத்திலிருந்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பரிந்துரை போகிறதா, போனது நிறைவேறுகிறதா என்பதை உங்கள் சங்கம் கேட்கலாம்.

கூட வருகிறவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குற்றத்துக்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்று 188ஆம் பிரிவு சொல்கிறது. உடன் பயணிப்பவர்கள் மீதும் இதன்படி வழக்குப் பதிவு செய்யப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. நண்பனைத் தடுக்காமல் பின்னால் ஏறி உட்காருகிறவன் யோசிக்க இது உதவும் என்றுதான் நினைக்கிறேன்.

வண்டியைப் பறிமுதல் செய்வது பற்றியும் குழப்பம் நிலவுகிறது. ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்பதற்காக மட்டும் வண்டியைக் காவல்துறை பிடித்துவைக்க முடியாது, உடன் வந்தவர்களில் குடிக்காத, உரிமம் உள்ள ஒருவர் இருந்தால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும், யாரும் இல்லையென்றால் உறவினரை அழைக்க வேண்டும், அதுவும் முடியாதபோது பாதுகாப்புக்காக நிலையத்தில் வைக்கலாம் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சொல்லப்பட்ட வழி மிகவும் நடைமுறைக்கு ஏற்றது. குடித்தவன் கையில் மறுபடி சாவி போய்விடக் கூடாது, அவ்வளவே.

கடைகளைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற 2016 டிசம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. அதைத் தொடுத்தவர் வழக்கறிஞர் கே. பாலு. மறு ஆண்டே சிறிய ஊர்களுக்கு அந்தத் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்குத் தடை பொருந்தாது என்றும் பிறகு விளக்கம் தரப்பட்டது. உங்கள் ஊர் ஊராட்சியாக இருந்தால் கடையின் தொலைவை அளந்து பார்ப்பது வீண் வேலையாகாது.

பதில் 5: சிட்னியில் வசிப்பவர்

நான் வாழும் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பர் 17 அன்று தற்செயல் சுவாசச் சோதனை தொடங்கியது. இங்கே சந்தேகம் எதுவும் தேவையில்லை. காவலர் எந்த ஓட்டுநரையும் எந்த நேரத்திலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். பகல் 11 மணிக்குக் கோவிலுக்குப் போகும் வழியிலும் என்னை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். எவரும் அதை அவமானமாகக் கருதுவதில்லை, எல்லோரையும் கேட்கிறார்கள் என்பதால். இங்கே பொது வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். பழகுநர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் பூஜ்யம். இந்தியாவின் வரம்பு இதைவிடக் கடுமையானது என்பது பலருக்குத் தெரியாது. வரம்பு கடுமையாக இருந்தும் அங்கே அச்சம் இல்லை என்றால், ஓட்டுகிறவர் தன் வாழ்நாளில் ஒரு முறைகூட ஊதும்படி கேட்கப்படாமல் இருக்க முடிகிறது என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கஞ்சா போன்றவற்றைச் சுவாசக் கருவி காட்டாது. அதற்கு உமிழ்நீர்ச் சோதனையை சாலையோரத்தில் முதலில் கொண்டுவந்தது பக்கத்து மாநிலமான விக்டோரியா, ஆண்டு 2004. 185ஆம் பிரிவு போதைப்பொருளையும் சேர்த்தே சொல்கிறது என்பதால், தமிழ்நாட்டிலும் அதற்கான கருவிகளைக் கேட்க இடமுண்டு.

தொடர் கேள்வி: குடியிருப்போர் சங்கச் செயலர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் கேட்டபடி விசாரித்தேன். அன்று ஓட்டுநரிடம் பகல் 12 மணிக்குப் பிறகே இரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தப் பெரியவர் தமிழ்நாடு அரசின் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் இரண்டு நாள் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெற்றார். அதன் பிறகு ஆன செலவு குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கிறது. இழப்பீட்டு வழக்கில் இந்தத் தாமதம் அவரைப் பாதிக்குமா? இடம் மாற்றும் கோரிக்கையை நாங்கள் யாரிடம் கொடுக்க வேண்டும்?

பதில் 6: வழக்கறிஞர்

இழப்பீடு பாதிக்காது, ஐயா. ஓட்டியவர் குடித்திருந்தாலும் மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுக்க நீதிமன்றங்கள் உத்தரவிடுவதே வழக்கம். பிறகு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து நிறுவனம் வசூலித்துக்கொள்ளலாம். உரிமையாளர் தன் காரின் சேதத்துக்குக் கேட்கும்போதுதான் குடி குறுக்கே நிற்கும். இரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும் பிற சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு குடித்திருந்ததை நிறுவலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் கூறியிருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் என்ற வரம்பு 2019 திருத்தத்தில் மீண்டும் வந்திருக்கிறது.

பதில் 7: ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர்

மனுவை மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு முகவரியிடுங்கள். அந்தக் கூட்டத்தில் காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை மூன்றும் இருப்பதால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் உட்கோட்டத் துணைக் கண்காணிப்பாளருக்கும் நகல் கொடுங்கள். நிலைய ஆய்வாளரை முதலில் நேரில் பார்த்து, இது அவர்மீதான புகார் அன்று, அவருக்கு ஆள் கேட்டுத் தரும் மனு என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவரே உங்களுக்கு உதவுவார். பொதுமக்கள் கேட்பது தலையீடு ஆகாது.

மனுவில் உங்கள் தெருவும் மற்ற சுற்றுவழிகளும் பிரதான சாலையில் சேரும் இடங்களைக் கையால் வரைந்த வரைபடமாக இணையுங்கள். எந்தெந்த இடத்தில் வெளிச்சம் இருக்கிறது, எங்கே இரண்டு கார்களை ஓரங்கட்டலாம் என்று குறியுங்கள். இருட்டாக உள்ள இடத்துக்கு ஊராட்சி மூலம் விளக்கு போட்டுத் தருகிறோம் என்று எழுதினால், இடம் மாற்ற முடியாது என்று சொல்வதற்கான முதல் காரணம் போய்விடும். ஆயுதப்படையிலிருந்து மாதத்தில் சில இரவுகளுக்கு ஒரு குழு, ஞாயிறு விடியற்காலையில் அவ்வப்போது ஒரு தணிக்கை, எல்லையில் பாட்டிலைத் தேடும் மதுவிலக்குச் சோதனைச் சாவடிகளில் ஊதும் கருவியும் வைப்பது ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

எந்த இரவு எந்த இடம் என்பதைச் சங்கத்துக்குக்கூட முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம் என்றும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். அதோடு, "பங்க்கிட்ட போலீஸ் நிக்குது" என்று உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சனிக்கிழமை இரவு வரும் செய்திகளை நிறுத்த வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. மனு கொடுக்கும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.